சபா அண்ணாச்சி வீட்டுத் தொட்டில்

அருப்புக்கோட்டை பஜாரில் நூல் கடை வைத்திருந்த சங்கரலிங்கத்தைப் பேர் சொல்லித் தேடி வந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்தப் பேரில் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். சபா அண்ணாச்சி என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்கிறவள் வரைக்கும் கை காட்டிவிடுவாள்.

அவருக்குச் சங்கீதம் வந்து சேர்ந்த விதமே தனி. அப்பாவும் தாத்தாவும் பருத்தியும் நூலும் தவிர வேறொன்றும் அறியாதவர்கள். வாலிபத்தில் ஒரு தடவை நூல் எடுக்க மதுரைக்குப் போனவர், திடீரென்று பிடித்த மழைக்கு ஒரு கோயில் பந்தலில் ஒதுங்கினார். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். என்ன பாட்டு, என்ன பாஷை, ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மழை விட்ட பிறகும் கால் நகரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது எதற்கென்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு மதுரையில் எங்கே கச்சேரி என்றாலும் கடை வேலையைச் சாக்காகச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். விரலால் தடவியே இது நாற்பதாம் நம்பர் நூல், இது அறுபதாம் நம்பர் என்று சொல்கிறவர், நாளடைவில் இது காம்போதி, இது தோடி என்று காதால் தடவிச் சொல்லவும் பழகினார்.

சங்கீதத்தோடு கூடவே இன்னொன்றும் வந்து சேர்ந்தது. தாசில்தார், டாக்டர், பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் என்று, அதுவரை கடைக்காரன்தானே என்று வாசலோடு பேசி அனுப்பியவர்கள் எல்லாம் கூப்பிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். ஜின்னிங் பேக்டரி பால்சாமியைத் தலைவராக வைத்து ஒரு சபா தொடங்கினார்கள். இவர் செயலாளர் ஆனார். பால்சாமி கச்சேரி ஆரம்பித்ததும் முன்வரிசையில் தூங்கிப்போவார், என்றாலும் தலைவர். அண்ணாச்சிக்குச் சங்கீதமும் பிடித்திருந்தது, அந்த நாற்காலியும் பிடித்திருந்தது. இரண்டில் எது கூட என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

வீட்டில் சினிமாப் பாட்டுக்கு இடம் கிடையாது. ரேடியோவின் முள் திருச்சி ஸ்டேஷனில் நின்றது நின்றபடி நிற்கும். இலங்கை பக்கம் திருப்ப யாருக்கும் அனுமதி இல்லை. யாருக்கும் என்றால், வீட்டில் இருந்தது அவர் மனைவி கஸ்தூரி ஒருத்திதான். அவள் எம்.ரெட்டியபட்டிக்காரி. கரிசக்காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் அடுப்படியில் ஏதோ பாடப்போக, அவர் எட்டிப் பார்த்து, இதெல்லாம் தெருவோடு போகிற பாட்டு, வீட்டுக்குள் வேண்டாம் என்று பதமாகத்தான் சொன்னார். அவளும் விட்டுவிட்டாள். அவர் கடைக்குப் போன பிறகு ஆட்டுரலோடு சேர்ந்து முனங்குவதோடு சரி.

அறுபத்தெட்டாம் வருஷம் பொங்கலை ஒட்டி நடந்த கச்சேரியில்தான் ஜேசுராஜோடு தகராறு வந்தது. ஜேசுராஜுக்குப் பாளையம்பட்டியில் மாதா கோயில் தெருவில் வீடு. ரேடியோ செட்டு வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கடை திறப்பு எதுவானாலும் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ரிக்கார்டு போடுவான். அன்றைக்குக் கச்சேரி மண்டபத்துக்கு அடுத்த தெருவில் ஒரு சடங்கு வீடு. உள்ளே வித்வான் ராகத்தை விரித்துக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வழியாகக் குழாய்ப் பாட்டு வந்து நடுவில் விழுகிறது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விடுவிடுவென்று போனார். பந்தி நடந்துகொண்டிருக்கிறது. அத்தனை பேர் பார்க்க, ஓடுகிற தட்டிலிருந்து முள்ளைத் தன் கையாலேயே தூக்கிவிட்டு, ஊருக்குள் குப்பையை இறைத்துப் பிழைக்கிறாயே, வேறு தொழில் கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டு வந்தார். ஜேசுராஜ் தட்டைக் கையில் எடுத்தான். தட்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். அவ்வளவுதான்.

அந்தச் சமயம் அண்ணாச்சி வீட்டில் கைக்குழந்தை. கல்யாணமாகி ரொம்பக் காலம் பிள்ளை இல்லாமல் இருந்து, இனி இல்லை என்று இரண்டு பேரும் மனசை ஆற்றிக்கொண்ட பிறகு பிறந்த பெண். பெயரிலேயே குயில் இருக்கட்டும் என்று கோகிலாம்பாள் எனப் பேர் வைத்தார். வயது கடந்த பிரசவம் என்று டாக்டரம்மா பயமுறுத்தியதால் டவுனிலேயே பேறு பார்த்து, கஸ்தூரியின் அம்மா சங்கரம்மாள் ஊரிலிருந்து வந்து கூட இருந்தாள். காட்டில் பருத்தி வெடிக்கத் தொடங்கியதும் அவளும் போய்விட்டாள்.

பகலெல்லாம் கோகிலா சமர்த்து. விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டால் போதும், காலை உதைத்துக்கொண்டு, முகம் செம்பருத்தியாகச் சிவந்து, அப்படி ஓர் அழுகை. பக்கத்துத் தறி வீட்டில் தறியை நிறுத்திவிட்டு என்ன ஏது என்று கேட்க வருவார்கள். வசம்பு சுட்டு உரசிக் கொடுத்தார்கள். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, சில பிள்ளைகள் அந்திக்கு இப்படித்தான் அழும், போகப்போகச் சரியாகும் என்று அனுப்பிவிட்டாள்.

அண்ணாச்சி தன் கையிலிருந்த மருந்தை எடுத்தார். தூங்க வைப்பதற்கென்றே இருக்கிற ராகம் நீலாம்பரி. தொட்டில் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். குழந்தை ஒரு நொடி அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தது. பிறகு முன்னைக் காட்டிலும் ஒரு கட்டை மேலே ஏறி அழுதது. கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவர் விடவில்லை. ஆனந்தபைரவி, யதுகுலகாம்போதி என்று ஒவ்வொரு நாளும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். எதற்கும் அவள் மசியவில்லை.

மாசி மாதம் பஜாரில் ஒரு பாத்திரக் கடை திறந்தார்கள். ஜேசுராஜின் குழாய் கட்டியிருந்தது. சாயங்காலம் கோகிலா வழக்கம்போல வாயைத் திறந்த நேரத்தில், கூரைகளுக்கு மேலே மிதந்து ஒரு பாட்டு வந்தது. அந்த வருஷம் ஊரெல்லாம் கேட்ட பாட்டு அது.

'கொத்தவரைத் தோட்டத்துல கொலுசுச் சத்தம் யாரு, ஹோய், எட்டிப் பாத்த மச்சானுக்கு என்ன வேணும் கேளு.'

குழந்தை அழுகையை நிறுத்தியது. கண்ணை அகல விரித்துச் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. ஒவ்வொரு 'ஹோய்'க்கும் ஒரு காலை உதைத்தது. பாட்டு முடிகிறபோது வாயோரம் பால் வழியத் தூங்கியிருந்தது. கஸ்தூரிக்கு நம்ப முடியவில்லை. மறுநாள் அந்தியில், அவர் கடையிலிருந்து வருவதற்கு முன்னால், மெதுவாகப் பாடிப் பார்த்தாள். தூங்கிவிட்டது. அதற்கடுத்த நாளும் தூங்கியது. இப்படி ஒரு வாரம் போல வீட்டில் சத்தமில்லை. நீலாம்பரி ஒருவழியாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிற ராகம் அது என்று அண்ணாச்சி சபாக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கடையை வெள்ளனப் பூட்டிவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே தன் மனைவி, தன் மகளுக்கு, கொத்தவரைத் தோட்டத்தைப் பாடிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்குத்தான் அந்த வீட்டில் முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. நாலு பெரிய மனுஷர்கள் வந்து போகிற வீடு, சபா செயலாளர் வீடு, இந்தக் கண்றாவி இங்கே கேட்கலாமா என்று அவர் கத்தினார். பிள்ளைக்குக் காது உருவாகிற வயது, இப்போதே இதை ஊட்டினால் நாளைக்கு அதுக்கு நல்லது எது, மட்டமானது எது என்று எப்படித் தெரியும் என்றார். கத்தலில் குழந்தை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. கஸ்தூரி அதை எடுத்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள்.

"உங்க பாட்டு ஒசத்திதான். நான் இல்லேங்கல" என்றாள். "ஒசத்தியா இருந்தா மேல இருந்துட்டுப் போகட்டும். எங்க மேல ஏறி உக்காரணுமா?"

காலையில் முதல் பஸ்ஸுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரெட்டியபட்டிக்குப் போய்விட்டாள்.

அண்ணாச்சி இரண்டு நாள் வீறாப்பாக இருந்தார். கிளப்புக் கடையில் சாப்பிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரேடியோவைத் திருகினால் திருச்சியில் நல்ல கச்சேரி. எந்த இடையூறும் இல்லை. ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. ஆனால் பாட்டு காதுக்குள் போகவில்லை. விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் கண் தானாகத் தொட்டிலுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஒரு பை நிறையச் சேவும் பழமும் வாங்கிக்கொண்டு அவரும் பஸ் ஏறினார்.

பங்குனி வெயில். கண்ணுக்கெட்டிய வரை கரிசல் வெடித்துக் கிடந்தது. வீட்டில் ஆள் இல்லை, எல்லாரும் காட்டில் என்று சொன்னார்கள். வண்டித் தடத்திலேயே நடந்தார். செருப்புக்குள் புழுதி சுட்டது. தூரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பருத்தி. அதற்குள் குனிந்த முதுகுகளாகப் பெண்கள் நிரை பிடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். இடுப்பில் கட்டிய மடி ஒவ்வொருத்திக்கும் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி உப்பியிருந்தது. ஓடையோரம் நின்ற வேலமரத்தில் சேலைத் தொட்டில் ஒன்று காற்றுக்கு மெல்ல ஆடியது.

பாட்டுச் சத்தம் முதலில் வந்தது. அதே கொத்தவரைத் தோட்டம்தான். ஆனால் ரிக்கார்டில் உள்ளது மாதிரி இல்லை. பருத்தி எடுக்கிற கைக்குத் தகுந்த மாதிரி நீட்டியும் நிறுத்தியும் அதைத் தங்கள் வசத்துக்கு வளைத்திருந்தார்கள். ஒருத்தி முன்னால் பாட, மற்றவர்கள் 'ஹோய்' என்று வாங்கிக்கொண்டார்கள். முன்பாட்டுக்காரியின் குரல் காட்டின் அந்தக் கடைசிக்குப் போய்த் திரும்பி வந்தது. யாரோ கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டே கிட்டத்தில் போன பிறகுதான் அது கஸ்தூரி என்று தெரிந்தது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குள் இருந்தவர், அவள் வாய்விட்டுப் பாடி அன்றைக்குத்தான் கேட்டார்.

சங்கரம்மாள்தான் முதலில் பார்த்தாள். மாப்பிள்ளை வந்திருக்காக என்று சொன்னதும் பாட்டு நின்றுபோனது. மரத்தடியில் துண்டை விரித்து உட்காரச் சொல்லி, கலயத்திலிருந்து கம்மங்கூழைக் கரைத்து, கொள்ளு அரைத்த கானத் துவையலோடு கொடுத்தாள். அவர் குடித்த வேகத்தைப் பார்த்து இன்னொரு கும்பாவும் ஊற்றினாள். வீட்டு விஷயத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. மழை தவறியும் காய் பரவாயில்லை என்று மட்டும் பேசிவிட்டு நிரைக்குப் போய்விட்டாள். தொட்டிலுக்குள் கோகிலா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு துணுக்குப் பருத்தி ஒட்டியிருந்தது.

கஸ்தூரி மடியை அவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். வீட்டுக்கு வா என்று அவர் கேட்டார். வேண்டுமானால் அந்தப் பாட்டைப் பாடிக்கொள், கதவைச் சாத்திக்கொண்டு பாடினால் போதும் என்று இறங்கியும் வந்தார்.

அவள் காலில் குத்தியிருந்த காய்ந்த பருத்திக்காய்த் தோட்டை எடுத்துப் போட்டாள். "கதவச் சாத்திக்கிட்டு இத்தன வருசம் பாடியாச்சு. இனிமே முடியாது. வாசல் வழியா வந்தா அந்தப் பாட்டு வரட்டும். இல்லாட்டி நானும் பிள்ளையும் இங்கயே கெடக்கோம். நீங்க வந்து பாத்துட்டுப் போங்க. கூழு ஊத்துறோம்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் தொட்டிலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தார். மதுரையில் மழைக்கு ஒதுங்கிய அன்றைக்கு அவருக்கு ராகத்தின் பேர் தெரியாது, யார் பாடினார்கள் என்பதும் தெரியாது. அப்போது அவருக்கு நாற்காலி யாரும் போட்டிருக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அன்றைக்கு வந்தது போலக் கண்ணீர் அப்புறம் ஒரு கச்சேரியிலும் வரவில்லை என்பது, அருப்புக்கோட்டையில் இறங்க மறந்து, பஸ் பாளையம்பட்டி வந்தபோது ஞாபகத்துக்கு வந்தது. பஸ்ஸை விட்டு அங்கேயே இறங்கிவிட்டார்.

மாதா கோயில் தெருவில் ஜேசுராஜ் வீட்டு முற்றத்தில் குழாய்களைக் கவிழ்த்து வைத்து அவன் மனைவி தெரசாள் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறியது. மறுபடியும் என்ன வம்போ என்று உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள். ஜேசுராஜ் பனியனோடு வெளியே வந்தான்.

அண்ணாச்சி சுற்றி வளைக்கவில்லை. சடங்கு வீட்டில் செய்தது தப்பு என்றார். பிள்ளையின் கதையையும் கஸ்தூரி போன கதையையும் முழுக்கச் சொன்னார். நீலாம்பரியைப் பற்றிச் சொன்ன இடத்தில் தெரசாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரிக்கார்டு பிளேயரையும் அந்தத் தட்டையும் கொஞ்ச நாளைக்குத் தன் வீட்டில் கொண்டுவந்து போட முடியுமா என்று கேட்டார்.

"போடுறேன் அண்ணாச்சி" என்றான் ஜேசுராஜ். "ஆனா நீங்க எந்திரிச்சுப் போகக் கூடாது. தட்டு முடியிற வரைக்கும் கூட இருந்து கேக்கணும்."

அவர் சம்மதித்தார். அவன் மனசில் இருந்ததையும் சொன்னான்.

"எனக்கு உங்க கச்சேரி புடிக்காதுன்னு நெனச்சிருக்கீக. மண்டபத்துக்கு வெளிய சைக்கிள் மேல உக்காந்து எத்தனையோ கேட்ருக்கேன். சிலது வெளங்காது, சிலது என்னமோ செய்யும். உள்ள வந்து உக்காருன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நானா வந்து உக்கார எனக்கும் ஒரு மாதிரி."

அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தெரசாள் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

பாட்டு வாசல் வழியாகவே வரும் என்று ரெட்டியபட்டிக்குச் சொல்லி அனுப்பினார். கஸ்தூரி திரும்பி வந்த அன்று சாயங்காலம் ஜேசுராஜ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே வாசல் வழியாக வந்தான். தட்டு சுழன்றது. அண்ணாச்சி சொன்ன சொல் தவறாமல் உட்கார்ந்து கேட்டார். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பிறகு இதற்குள் ஏதாவது ராகம் ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். இருந்தால் சபாவில் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. ஒன்றும் அகப்படவில்லை. அது பாட்டுக்கு இஷ்டம்போல ஓடியது. மூன்றாம் நாள் தேடுவதை விட்டுவிட்டார். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ 'ஹோய்' வருகிற இடத்தில் அவர் தலை தானாக ஆடியதைக் கஸ்தூரி பார்த்தாள். பார்க்காதது போல இருந்தாள்.

சங்கதி பால்சாமி காதுக்குப் போனது. அவர் ஆளனுப்பிக் கூப்பிட்டு, செயலாளர் வீட்டிலேயே டப்பாங்கூத்து என்றால் சபாவுக்கு என்ன மரியாதை, நாலு பேர் சிரிக்கிறார்கள், ஒன்று அதை நிறுத்து, இல்லை பதவியை விடு என்றார்.

"நாக்காலிய எடுத்துக்கோங்க மொதலாளி" என்றார் அண்ணாச்சி. "பாட்டு எனக்கு நாக்காலில உக்காந்து வரல. அது தூணுக்குப் பின்னால நின்னப்பவே வந்துருச்சு."

பால்சாமிக்கு அது விளங்கவில்லை. ஆனால் பங்குனிக் கச்சேரிக்கு மதுரையிலிருந்து பாட ஓர் அம்மாவை வரவழைத்து, தங்க இடம் பிடித்து, வெந்நீர் வரைக்கும் பார்த்துக்கொள்ள வேறு ஆள் சபாவில் இல்லை என்பது விளங்கியது. பேச்சை மாற்றிவிட்டார்.

அந்தக் கச்சேரிக்கு மைக் செட்டு ஜேசுராஜுடையது. வழக்கமாக மதுரையிலிருந்து வரும். அண்ணாச்சி முன்வரிசையில் தன் கையாலேயே பாய் விரித்து, வாங்க ஜேசுராஜு, இங்க உக்காருங்க என்று எல்லார் காதிலும் விழும்படி கூப்பிட்டார். அவன் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மாதா கோயிலுக்குப் போகிறவன் போல வந்திருந்தான். தெரசாளும் கஸ்தூரியும் பெண்கள் பக்கத்தில் இருந்தார்கள். கஸ்தூரி மடியில் கோகிலா.

பாட வந்த அம்மா நல்ல ஆகிருதி. உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்கள். குரல் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. தம்பூராவுக்குள்ளிருந்து கசிந்து வந்தது போல வந்தது. தோடி. ஒவ்வொரு சுரமாகத் தொட்டு, நின்று, ஆழம் பார்த்து, மேலே ஏறினார்கள். ஜேசுராஜ் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை மடியில் போட்டுக்கொண்டு தளர்ந்தான். வெளியே இருந்து கேட்பதும் உள்ளே இருந்து கேட்பதும் ஒன்றில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அண்ணாச்சிக்கும் அன்றைக்கு, எத்தனையோ வருஷம் கழித்து, மூக்கு நமநமத்தது.

அந்த நேரம் பார்த்து விளக்கு வைத்தார்கள். கோகிலா வீரிட்டாள்.

மண்டபமே திரும்பியது. பால்சாமி விழித்துக்கொண்டு முறைத்தார். கஸ்தூரி எழுந்து வெளியே போகப் பார்த்தாள். நெருக்கி உட்கார்ந்த கூட்டத்தில் வழி இல்லை. மேடையில் அந்த அம்மா பாட்டை நிறுத்திவிட்டு, புன்சிரிப்போடு காத்திருந்தார்கள். தம்பூரா மட்டும் மீட்டிக்கொண்டே இருந்தது.

அண்ணாச்சி எழுந்தார். ஆட்களைத் தாண்டிப் போய்ப் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, சபா நடுவில், கொத்தவரைத் தோட்டத்தை எடுத்தார். பழக்க தோஷத்தில் 'கொத்தவரை'யை நீட்டி, கமகத்தோடு உருட்டினார். பிள்ளை இன்னும் ஓங்கி அழுதது. தாசில்தார்தான் முதலில் சிரித்தார். பிறகு மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மிருதங்கக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சிக்குக் காது சிவந்தது. என்றாலும் பாடுவதை விடவில்லை, தப்புத்தப்பாக இரண்டாம் அடிக்குப் போனார்.

கஸ்தூரி நின்ற இடத்திலிருந்து அதை வாங்கினாள். முதலில் சன்னமாக. பிறகு, ரெட்டியபட்டிக் காட்டில் பாடுவது போலவே, நெஞ்சிலிருந்து. சிரிப்பு அடங்கியது. தம்பூராவின் சுருதிக்குப் பக்கத்தில் எங்கேயோ அவள் குரல் போய் நின்றுகொண்டது. மிருதங்கக்காரர் விரல் நுனியால் மெல்லத் தட்டிக் கூடவே வந்தார்.

கோகிலா நாலாவது அடியிலேயே அப்பா தோளில் சரிந்து தூங்கிவிட்டாள். எல்லாருக்கும் தெரிந்தது, கஸ்தூரிக்கும் தெரிந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. இன்னொரு சரணம் இருந்தது, அதையும் எடுத்தாள். மேடையில் அந்த அம்மா தொடையில் தாளம் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். 'ஹோய்' வந்த இடத்தில், அதை வாங்கிக்கொள்ள நிரையில் ஆள் இல்லையே என்று அவள் ஒரு கணம் தயங்கியபோது, தூங்குகிற பிள்ளையை அலுங்காமல் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி வாங்கினார்.